வெள்ளவத்தை மொட்டைமாடியில் ஒரு நீலத்தொட்டி

ஞாயிறு இரவு

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். துணிகளுக்கு நடுவே செய்தித்தாளில் சுற்றிய கருநீலக் கட்டிகள், மொத்தம் அரைக்கிலோ. "என்ன இது?" "துணிக்குப் போடுற சாயம் சார், அவுரி நீலம்." அதிகாரி ஒரு கட்டியை எடுத்து நகத்தால் கீறினார். கீறிய இடம் செம்புக் கம்பி போல மின்னியது. நல்ல நீலம் என்பதற்கு வியாபாரிகள் பார்க்கும் அடையாளமே அதுதான். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் திருப்தியானவர் போலத் தலையாட்டிப் பெட்டியை மூடச் சொன்னார்.

இந்தக் கட்டிகள் விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் பக்கம் விளைந்த அவுரியில் எடுத்தவை. தழையைத் தொட்டித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, மறுநாள் அந்தத் தண்ணீரைக் காலால் அடித்துக் கலக்கி, அடியில் தங்கும் சேற்றைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, வில்லை போட்டு உலர்த்துகிறார்கள். கொழும்பில் பத்திக், அதாவது துணியில் மெழுகு எழுதிச் சாயத்தில் முக்கும் வேலை, செய்யும் அக்கா ஒருவருக்காகக் கொண்டுவந்தேன். அவர் குடும்பம் பருத்தித்துறையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறியது. ரசாயனச் சாயத்தோடு பல வருடம் மல்லுக்கட்டியவர், இப்போது புளிக்கவைத்த நீலத்தொட்டி ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். போனில் நான் சொல்லச் சொல்ல, கையிருப்பில் இருந்த நீலத்தைப் போட்டு ஒரு பீப்பாயில் ஏற்கெனவே தொடங்கிவிட்டார். "தம்பி, அது ஒண்டும் அசையிற மாதிரித் தெரியேல்ல. நீங்கள் வந்து ஒருக்கா பாருங்கோ" என்பதுதான் இந்தப் பயணத்துக்கான அழைப்பு.

இடியப்பம், சொதி, சம்பல். சாப்பிட்டதும் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. மாடிக்கு நாளைதான்.

திங்கள்

பீப்பாய் அறுபது லிட்டர். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், மேலே பலகை மூடி, பலகை மேல் ஒரு செங்கல். மூடியை எடுத்ததும் அக்கா இரண்டு அடி பின்னால் போனார். நாற்றம் அப்படி. ஆனால் அது சரியான நாற்றம் இல்லை. நன்றாக வேலை செய்யும் தொட்டியில் மாட்டுத் தொழுவ வாடை வரும். இது கெட்டுப்போன கஞ்சி மாதிரி புளித்து முகத்தில் அடித்தது. மேலே செம்புப் படலம் இல்லை. கண்ணாடிக் குவளையில் மொண்டு வெயிலில் பிடித்தால் அடிமுதல் நுனிவரை ஒரே நீலம். காகிதச் சோதனையில் பிஎச், அதாவது அமில-கார அளவு, எட்டரை.

விஷயம் பிடிபட்டது. "அக்கா, வெல்லம் எவ்வளவு போட்டீங்க?"

"கித்துள் சர்க்கரைதான். ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு போட்டனான். பாவம், சாப்பிடட்டும் எண்டு."

பாவம் என்று அவர் சொன்னது பாக்டீரியாவை.

அங்கேதான் முழுச் சங்கதியும் இருக்கிறது. நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் இறங்காது, மேலே பூசிய மாதிரி நின்று முதல் அலசலிலேயே போய்விடும். நீல மூலக்கூறு இரண்டு எலெக்ட்ரானும் இரண்டு ஹைட்ரஜனும் வாங்கிக்கொண்டால்தான் கரையக்கூடிய வடிவத்துக்கு மாறும். அந்த வடிவமும் காரத்தன்மையுள்ள தண்ணீரில்தான் கரையும். நிறம் மஞ்சள் கலந்த பச்சை. அதில் துணியை நனைத்து வெளியே எடுத்தால் காற்றில் உள்ள ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ளும். நீலம் பழைய உருவத்துக்குத் திரும்பி நூலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

எலெக்ட்ரான் கொடுக்க ஆள் வேண்டுமே. ஜீன்ஸ் தொழிற்சாலைகளில் அந்த வேலைக்கு சோடியம் டைதயோனைட் கொட்டுகிறார்கள். நம் ஊர்ச் சாயப்பட்டறைகளில் ஹைட்ரோஸ் என்பார்கள். சில நிமிடத்தில் வேலை முடியும், கழிவுநீரில் சல்பேட்டும் சல்பைட்டும் மிஞ்சும். பழைய முறையில் பாக்டீரியா அதைச் செய்கிறது. தொட்டிக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோன நிலையில் அது மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தின்கிறது. தின்றதிலிருந்து வரும் எலெக்ட்ரான்களை எங்காவது தள்ளியாக வேண்டும். பக்கத்தில் நீலம் இருந்தால் அதன் தலையில் கட்டுகிறது.

அதே நேரத்தில் அது அமிலத்தையும் கக்குகிறது. தீனி கூடினால் அமிலம் கூடும், காரம் சரியும். பிஎச் ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் காரத்தில் வாழப் பழகிய கூட்டம் ஒதுங்கி, அழுகவைக்கும் கூட்டம் உள்ளே வந்துவிடும். அக்காவின் பீப்பாயில் நடந்தது அதுதான். பாசம் அதிகமாகிவிட்டது.

சுண்ணாம்பு கரைத்து ஊற்றினோம், கொஞ்சம் கொஞ்சமாக, நுரை எழுப்பாமல். சர்க்கரைக்குத் தடை போட்டாயிற்று.

செவ்வாய்

தொட்டித் தீனிக்குத் தகரை விதை தேவை. கடற்கரை ரயிலில் கோட்டைக்குப் போனோம். வெள்ளவத்தையில் ஏறினால் வலப்பக்கம் வீடுகளின் முதுகும் இடப்பக்கம் வெறும் கடலுமாக வரும். கதவோரம் நின்றால் சட்டையில் உப்பு. கோட்டையிலிருந்து நடந்து புறக்கோட்டை.

காபோஸ் லேன் சின்னச் சந்து. இருபுறமும் நாட்டு மருந்துச் சாமான். கடுக்காய் மூட்டை, சுக்கு, காய்ந்த வேர்க்கட்டுகள், பெயர் தெரியாத மரப்பட்டைகள். அவுரித் தழையும் இருக்கிறது. தலைக்கு எண்ணெய் காய்ச்ச வாங்கிப் போகிறார்கள், சிங்களத்தில் 'நில் அவரிய' என்று எழுதித் தொங்குகிறது. ஒரு கடையில் தொப்பி போட்ட நானாவிடம் தகரை விதை கேட்டேன். அக்கா சிங்களத்தில் 'பெதி தோர' என்று எடுத்துக் கொடுத்தார்.

"யாருக்கு, படைக்கா?" என்று கேட்டுக்கொண்டே நானா என் கையையும் கழுத்தையும் நோட்டம் விட்டார். தகரை தோல் வியாதிக்குப் பேர்போன மருந்து.

"இல்ல நானா, சாயத்துக்கு."

"சாயத்துக்கா? எத்தன கிராம்?"

"ரெண்டு கிலோ."

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு கிலோ தகரை விதையை ஒரே ஆளுக்கு அவர் விற்றதே இல்லையாம். உள்ளே போய்ச் சாக்கையே தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே பிளேன் டீயும் வந்தது. துணியைப் பச்சையாக எடுத்தால் கண் முன்னால் நீலமாகும் என்றதும் கடைப்பையன் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னோம். "ஜும்மா இருக்கே" என்றான்.

தென்னாட்டு நீலத்தொட்டிக்கு ஏன் தகரை? வேகவைத்தால் கொழகொழவென்று ஆகும், பாக்டீரியாவுக்குத் தீனி. பெரியவர்கள் இதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேறு எத்தனையோ விதைகள் வேகவைத்தால் கொழகொழப்பாகின்றன. தகரையில் கூடுதலாக ஆந்த்ரகுவினோன் என்ற வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. நீலத் துகள் கரையாதது, அளவிலும் பெரியது. பாக்டீரியாவால் அதை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. எலெக்ட்ரானை வெளியே கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடைத்தரகர் இருந்தால் சுலபம். ஆந்த்ரகுவினோன்கள் பாக்டீரியாவிடம் வாங்கி நீலத்திடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்து மறுபடி வாங்கும். ஐரோப்பாவின் பழைய தொட்டிகளில் மஞ்சிட்டி இனத்து வேரைப் போடுவார்கள். அதிலும் ஆந்த்ரகுவினோன் உண்டு. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்ச் சாயக்காரர்கள் ஒரே வகைச் சரக்கில் வந்து நின்றிருப்பதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைப்பழக்கத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதை ஆய்வு என்று ஒத்துக்கொள்ளாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் பிரின்ஸ் தெருவில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து அருங்காட்சியகக் கட்டடம். வெளியிலிருந்துதான் பார்த்தோம், மழை துரத்தியது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டுவித்து ஒல்லாந்தர் பணம் பார்த்தார்கள். சிவப்புக்கு அந்த வேர். சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளில் சிவப்பையும் கறுப்பையும் எழுதுகோலால் தீட்டலாம். நீலத்தைத் தீட்ட முடியாது, கோலில் தொட்டு எடுப்பதற்குள் காற்றுப் பட்டுவிடும். அதனால் நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடித் துணியையே தொட்டியில் முக்கினார்கள். அக்கா குடையைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டார். "அப்ப அதுவும் பத்திக்தானே தம்பி!" ஆமாம், அதுவும்தான்.

இரவு விதையை வேகவைத்தோம். வீடு முழுக்கக் காப்பிக்கொட்டை கருகிய வாசனை. அம்மா, அக்காவின் அம்மா, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார்.

புதன்

விடியற்காலையிலிருந்து மழை. பிஎச் பத்து. நேற்றைய புளிப்பு நாற்றம் பாதி குறைந்திருக்கிறது. ஆறிய தகரைக் கஞ்சியை ஊற்றினோம். நான் கொண்டுவந்த கட்டிகளை அம்மியில் தண்ணீர் விட்டு அரைத்து அதையும் சேர்த்தாயிற்று. மையாக அரைபட வேண்டும், துகள் சிறுத்தால் பாக்டீரியாவுக்குக் கை எட்டும் பரப்பு கூடும்.

அக்கா கேட்டார், "இதுக்குள்ள இருக்கிற கிருமி எங்கேயிருந்து வந்தது? நாங்கள் ஒண்டும் விடேல்லையே."

யாரும் விடுவதில்லை. கட்டியிலேயே இருக்கும், விதைத் தோலில், சாம்பலில், மண்ணில். பேசில்லஸ் வகையறாவில் பல, நிலைமை சரியில்லை என்றால் ஸ்போர் என்ற உறங்கு வித்தாகச் சுருண்டுகொள்ளும். விதையை வேகவைத்தாலும் ஸ்போர் தாங்கிவிடும். காரமும் இருட்டும் தீனியும் கிடைத்ததும் முளைக்கும்.

இவற்றில் சிலவற்றுக்குப் பெயர் வைத்தது ரொம்பப் பழைய கதை இல்லை. ஐரோப்பாவில் அவுரி இல்லாத காலத்தில் வோட் என்ற செடியிலிருந்து நீலம் எடுத்தார்கள். அந்தத் தொட்டியிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆட்கள் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1999இல் கிளாஸ்ட்ரிடியம் இசாடிடிஸ் என்று பெயரிட்டார்கள். வோட் செடியின் தாவரப் பெயர் இசாட்டிஸ், அதிலிருந்து வந்தது. ஐம்பது டிகிரிச் சூட்டில் அது சுறுசுறுப்பாக இருக்கும். நீலத் துகளின் அளவையே அது சிறிதாக்குகிறது என்றும் பின்னால் கண்டார்கள்.

ஜப்பானில் தழையை நூறு நாள் போல மக்கவைத்து, மரச்சாம்பல் நீரில் போட்டு, கோதுமைத் தவிடு தீனியாகக் கொடுத்துத் தொட்டி கட்டுகிறார்கள். தொக்குஷிமா இதற்குப் பேர்போன ஊர். அந்தத் தொட்டிகளை இசாவோ யூமோட்டோவின் ஹொக்கைடோ ஆய்வுக்குழு வருடக்கணக்காகக் குடைந்து அல்காலிபாக்டீரியம், ஆம்ஃபிபேசில்லஸ், ஓஷனோபேசில்லஸ் என்று பல இனங்களில் நீலம் குறைக்கும், அதாவது நீலத்துக்கு எலெக்ட்ரான் கொடுத்துக் கரையவைக்கும், புதிய வகைகளைக் கண்டது. பல பெயர்களின் பின்னால் 'இண்டிசிரெடூசன்ஸ்' என்று ஒட்டியிருக்கும், நீலத்தைக் குறைப்பது என்று பொருள். இவை ஒரே நேரத்தில் மேலே வருவதில்லை. ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்க்கும் கூட்டம் முதலில் பெருகுகிறது. அது வழிவிட்ட பிறகுதான் நீலத்தைக் குறைக்கும் கூட்டம் தலையெடுக்கிறது. பொறுமையில்லாமல் தினமும் கிண்டிக் கிண்டிக் காற்றை ஏற்றினால் முதல் கூட்டத்தின் வேலை முடியவே முடியாது.

ஜப்பானியப் பட்டறைகளில் நாலு தொட்டிக்கு நடுவே ஒரு நெருப்புக் குழி இருக்கும், குளிர்காலத்தில் சூடு காட்ட. இங்கே அந்தச் செலவு இல்லை. கொழும்பில் ஜனவரியும் ஜூலையும் உடம்புக்கு ஒன்றுதான், தொட்டிக்கும் ஒன்றுதான்.

ஒருவிதத்தில் இது சாயவேலையே இல்லை, மாடு வளர்ப்பு. தீனி பார்க்கணும், சாணம் பார்க்கணும், மூச்சு பார்க்கணும். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் ரசாயன நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தையில் இறக்கியபோது அவுரி வயல்கள் சரிந்தன. ஆனால் தொட்டிப் பாக்டீரியாவுக்கு இது அவுரி நீலம், இது ஆலை நீலம் என்ற பேதமில்லை, மூலக்கூறு ஒன்றேதான். ஆலை நீலத்தையும் இதே பீப்பாயில் புளிக்கவைக்கலாம். 'இயற்கைச் சாயம்' என்று அட்டை மாட்டி விற்கும் சில கடைகளில் நீலம் ஆலையிலிருந்தும் கரைப்பு ஹைட்ரோஸிலிருந்தும் வருவது எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், கழிவுநீரைப் பொறுத்தவரை நீலம் எங்கே விளைந்தது என்பதைவிட அதைக் கரைத்தது யார் என்பதே முக்கியமான கேள்வி.

வியாழன்

பிஎச் பத்தரை. வேலை ஒன்றுமில்லை. தொடாமல் இருப்பதுதான் வேலை. 100ஆம் நம்பர் பஸ்ஸில் காலி முகத்திடல். இஸ்ஸோ வடை சாப்பிட்டேன். முழு இறால் மேலே ஒட்டிக்கொண்டு முறைத்துப் பார்க்கிறது. காரம் நம்மூருக்குச் சளைத்ததில்லை. காற்றில் பட்டம் விடுகிறார்கள், பட்டத்தைவிட விற்கிறவர்கள் அதிகம்.

மாலை மூடியைத் திறந்தால் மேலே மெல்லிய படலம், ஊதாவும் செம்பும் கலந்த மினுக்கம். நடுவில் கையகலத்துக்கு நீல நுரை. குச்சியால் படலத்தை விலக்கினேன். கீழே பச்சை. நாற்றம் தொழுவத்துக்கு வந்துவிட்டது. அக்கா முகர்ந்து பார்த்து, "இது பரவாயில்லை, எங்கட ஊர்ப் பட்டி மாதிரி" என்றார்.

வெள்ளி

அம்மா குளித்து விபூதி பூசி மாடிக்கே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை இந்த மணத்தோடு வேலை தேவையா என்று கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தும் விட்டார்.

அக்கா இரவே பருத்தித் துணியில் மெழுகு எழுதி வைத்திருந்தார், பனை ஓலையும் மீனும். பத்திக்காரர்களுக்கு வெந்நீர்ச் சாயம் ஆகாது, மெழுகு உருகிவிடும். புளிப்புத் தொட்டி அறைச் சூட்டிலேயே வேலை செய்யும். இலங்கையில் பத்திக்கைக் கலையாகத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர் எனா டி சில்வா. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் கூரைக்கு அவர் செய்த பத்திக் பெயர்பெற்றது. அக்கா சின்ன வயதில் அதை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த கதையைச் சொல்லிக்கொண்டே துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். உலர்ந்த துணியை அப்படியே இறக்கினால் நூலிடுக்குக் காற்றும் கூடவே இறங்கும்.

நுரையை ஒரு கிண்ணத்தில் வழித்து வைத்தோம். துணியின் இரண்டு மூலைகளைப் பிடித்து, தண்ணீர் சலசலக்காமல், பாம்பு புற்றுக்குள் போகிற வேகத்தில் இறக்கினார். முழங்கை வரை உள்ளே. மூன்று நிமிடம். எடுக்கும்போது மேற்பரப்புக்கு அடியிலேயே பிழிந்து, சொட்டவிடாமல் ஓரமாகத் தூக்கினார்.

மஞ்சள். பழுக்கப்போகும் எலுமிச்சையின் நிறம். அம்மா "ஐயோ, பிழைச்சுப் போச்சுதே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மடிப்பின் விளிம்புகள் பச்சையாயின. பிறகு பச்சை கறுத்தது, திட்டுத்திட்டாக நீலம் எழும்பி ஒன்றோடொன்று சேர்ந்தது. மடிந்து காற்றுப் படாத இடம் மட்டும் மஞ்சளாக நின்றது. அக்கா அதைப் பிரித்துவிட்டார், அதுவும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது. அம்மா எழுந்து வந்து துணியைத் தொட்டார். விரல் நுனி நீலமாகிவிட்டது. விபூதிக்குப் பக்கத்தில் நெற்றியிலும் கொஞ்சம் ஒட்டியதை நாங்கள் சொல்லவில்லை.

ஒரு முக்கலில் வானநீலம்தான் கிடைக்கும். ஆழம் வேண்டுமானால் காற்றாடவிட்டு மறுபடி முக்க வேண்டும். மாலைக்குள் நாலு முறை ஆனது. ஒவ்வொரு முக்கலும் கொஞ்சம் ஆக்சிஜனை உள்ளே கொண்டுபோவதால் தொட்டி களைக்கும். கடைசியில் மேலே பச்சை வெளிறித் தெரிந்தது, நிறுத்திவிட்டோம். இரவு ஓய்வும் ஒரு கை தவிடும் போதும். பிறகு வினிகர் கலந்த தண்ணீரில் அலசிக் காரத்தைப் போக்கி, வெந்நீரில் போட்டு மெழுகைக் கழற்றினோம். மெழுகு மிதந்து வந்தது, நீலம் கொதியிலும் அசையவில்லை. இந்த ஈரக்காற்றில் துணி காயத்தான் மறுத்தது. மின்விசிறிக்கு அடியில் கட்டிவிட்டு வந்தோம்.

சனி

காலையில் கீழ்த்தளத்து அங்கிள் மேலே வந்தார். நான்கு நாளாக மாடியில் யாரோ மாடு கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். அக்கா அவரை மூடிக்கு அருகே கூட்டிப்போய், ஒரு கைக்குட்டையை முக்கி அவர் கையிலேயே கொடுத்தார். பச்சையாக வாங்கி நீலமாகப் பிடித்துக்கொண்டு நின்றவர், கொஞ்சம் இறங்கி வந்தார். பீப்பாயைப் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து கடல் பக்க மூலைக்கு மாற்ற வேண்டும், தீபாவளிக்கு மனைவிக்கு ஒரு துப்பட்டா வேண்டும் என்று இரண்டு நிபந்தனை.

மாற்றுவது சுலபமில்லை. அறுபது லிட்டரை ஆட்டினால் அடி வண்டல் கலங்கும், காற்று ஏறும், இரண்டு நாள் பின்னால் போகும். அங்கிளும் நானும் கடைப்பையனும் சேர்ந்து சாக்கை அடியில் கொடுத்து இழுத்தோம். ஆமாம், காபோஸ் லேன் பையன், நேற்று வர முடியாதவன் இன்று லீவு போட்டு வந்திருந்தான். இழுத்து முடித்ததும் முதல் கேள்வி, "எனக்கும் ஒண்ணு முக்கித் தாங்க."

இன்று முக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்கவில்லை, அவன் சட்டையையே கழற்றி வாங்கிவிட்டார்.

அக்கா அடுத்த மாதம் பருத்தித்துறை போகிறாராம், கலியாண வீடு. தொட்டிக்குத் தீனி போட அம்மாதான் ஆள். காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: நாளுக்கு ஒருமுறை முகர வேண்டும், புளித்தால் சுண்ணாம்பு, நுரை சுருங்கினால் தவிடு, சர்க்கரை வேண்டவே வேண்டாம். அம்மா கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுக் கேட்டார்: "வெள்ளிக்கிழமையும் போடவேணுமோ?"